வரைபட லைப்ரரி நிறுவப் போய் மூன்று வாரம் போனது

2022 தீபாவளி முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பகுதிநேரமாகப் படித்துக்கொண்டிருந்த தரவுப் பகுப்பாய்வுப் படிப்பின் இறுதித் திட்டத்தை நவம்பர் 28, திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். பகலில் சரக்கு நிறுவனம் ஒன்றில் லாரிகளுக்கு அட்டவணை போடும் வேலை. படிப்பதெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான். திட்டத்துக்கு நான் எடுத்த கேள்வி எளிமையானது: சிங்கப்பூரின் ஈசூனில் ஒவ்வொரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கிலிருந்தும் பேருந்து நிறுத்தத்துக்கு எவ்வளவு நடக்க வேண்டும்? அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். பலதுறை மருந்தகத்துக்குப் போக நிறுத்தம் வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்து வந்த கேள்வி அது. நேர்கோட்டுத் தூரத்தை முதலில் கணக்கிட்டு, அப்புறம் உண்மையில் நடக்கும் பாதையின் தூரத்தையும் எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பது என் திட்டம்.

தரவு கிடைப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. பேருந்து நிறுத்தங்களின் இருப்பிடத்தை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமாலில் இருந்து எடுத்தேன். புளோக் முகவரிகளை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்ற நில ஆணையத்தின் ஒன்மேப் இருந்தது. நகரச் சீரமைப்பு ஆணையத்தின் 2019 பெருந்திட்ட எல்லைகள் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலேயே இருந்தன. எல்லாம் இலவசம், இரண்டு நாளில் கையில் இருந்தது. கணக்குப் போடவும் படம் வரையவும் வரைபட லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு, ஒன்று வேண்டும். அட்டவணைத் தாளில் "லைப்ரரி நிறுவுதல்: சனிக்கிழமை, ஒரு மணி நேரம்" என்று எழுதி வைத்தேன். அந்தச் சனிக்கிழமை நவம்பர் 5. அது ஒழுங்காக ஓடியது நவம்பர் 25 இரவு.

முதல் தப்பு, லைப்ரரியைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிட்டது. பைத்தான் என்ற நிரல் மொழியின் 3.11 பதிப்பு அந்த வருடம் அக்டோபர் 24 அன்று, தீபாவளி அன்றே வெளியானது. புதியது என்றால் நல்லதுதானே என்று அதையே இறக்கினேன். லைப்ரரிகளை இறக்கி நிறுவும் பிப் என்ற கருவி மூலம், வரைபடத் தரவைக் கையாளும் ஜியோபாண்டாஸ் லைப்ரரியைக் கேட்டேன். அதற்குத் துணையான பாண்டாஸ் வந்தது, ஷேப்லி வந்தது, ஃபியோனா என்ற இடத்தில் சிவப்பு எழுத்துகள் கொட்டின. சாரம் ஒரே வரிதான்: ஜிடாலின் பதிப்பு எது என்று சொல், அல்லது அதன் அமைப்புக் கோப்பு எங்கே என்று காட்டு. ஜிடால் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. நான் கேட்டது ஜியோபாண்டாஸ். அது ஏன் யாரோ ஒருவரைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறது என்றுதான் தோன்றியது.

அன்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து இதை மட்டும் சொல்லியிருந்தால் மூன்று வாரமும் மிஞ்சியிருக்கும். இந்த லைப்ரரிகள் பைத்தானில் எழுதிய சாதாரணப் பொதிகள் இல்லை. பாரம் தூக்குவது அடியில் இருக்கும் சி, சி++ லைப்ரரிகள். ஒரு புள்ளி எல்லைக்குள் இருக்கிறதா, இரண்டு வடிவங்கள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்ப்பது ஜியோஸ். ஷேப்லி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஆயத்தொலைவு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது ப்ரோஜ்; அதன் மேல் பைப்ரோஜ். வரைபடக் கோப்புகளைத் திறந்து படிப்பது ஜிடால். ஃபிராங்க் வார்மர்டாம் 1998-ல் தொடங்கிய வேலை, இன்று உலகில் வரைபட மென்பொருள் பெரும்பாலானவற்றின் அடியில் அதுதான். ஃபியோனா, ராஸ்டேரியோ இரண்டும் அதை நம்பி நிற்பவை. உங்கள் விண்டோஸுக்கும் உங்கள் பைத்தான் பதிப்புக்கும் பொருந்தும் ஆயத்தப் பொதி இருந்தால், ஜிடாலும் அதற்குள்ளேயே வந்துவிடும். அந்த ஆயத்தப் பொதியை வீல் என்கிறார்கள். வீல் கிடைக்காவிட்டால் பிப் மூலநிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டப் பார்க்கும். கட்ட ஜிடால் வேண்டும், மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வேண்டும். அதைத்தான் அந்தச் சிவப்பு வரி கேட்டது. பைத்தானின் புதிய பதிப்பு வந்த சூட்டில் இந்த வீல்கள் எல்லாம் தயாராக இருக்காது. ஒரு பதிப்பு பின்னால் இருப்பதுதான் பாதுகாப்பு. நான் அன்றே 3.10-க்கு இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலையே இல்லை.

ஆனால் நான் செய்தது, திரையில் வந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு மருந்து தேடியது. விஷுவல் சி++ 14 வேண்டும் என்று வந்ததும் மைக்ரோசாஃப்டின் கட்டுமானக் கருவிகளை இறக்கினேன். பல ஜிபி, சனி முழுக்கப் போனது. அதனால் ஜிடால் வந்துவிடாது என்பது ஞாயிறு மாலைதான் உறைத்தது. அடுத்து பழைய வழிகாட்டிகள் எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின. கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் கோல்கே என்ற ஆய்வாளர், விண்டோஸ்காரர்களுக்காக இந்த வீல்களைத் தானே கட்டி பல வருடமாக இலவசமாகக் கொடுத்துவந்தார். எத்தனை பேருடைய ராத்திரிகளை அவர் காப்பாற்றினாரோ. அந்தச் சேவை 2022-ல்தான் நின்றது. வழிகாட்டிகள் மட்டும் மாறவில்லை. மிச்சமிருந்த பழைய கோப்புகளை எடுத்து முயன்றால், இந்தக் கணினிக்கு இது பொருந்தாது என்று பிப் மறுத்தது. வீல் கோப்பின் பெயரிலேயே விடை இருக்கிறது: சிபி என்ற எழுத்துக்குப் பின் 39 என்றிருந்தால் பைத்தான் 3.9-க்கு மட்டும், 310 என்றிருந்தால் 3.10-க்கு மட்டும். என்னிடம் இருந்தது 3.11. அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

சரி என்று 3.9-ஐத் தனியாக நிறுவினேன். முதலில் ஜிடால், பிறகு ஃபியோனா, கடைசியில் ஜியோபாண்டாஸ். எல்லாம் வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்றே காட்டியது. எழுந்து போய் ஒரு கோப்பி கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். லைப்ரரியை நிரலுக்குள் அழைக்கும் ஒரு வரி இம்போர்ட். டிஎல்எல் என்ற துணைக் கோப்பை ஏற்ற முடியவில்லை, குறிப்பிட்ட மாட்யூலைக் காணவில்லை என்று பிழை. கோப்புறையைத் திறந்து பார்த்தால் அந்தக் கோப்பு அங்கேயே இருக்கிறது! கண்ணெதிரே இருப்பதை இல்லை என்றால் எப்படி? இதில் நான் பிறகு தெரிந்துகொண்டது: பெரும்பாலும் காணாமல் போவது பெயர் சொல்லப்பட்ட கோப்பு இல்லை, அது உள்ளே போய்த் தேடும் இன்னொரு கோப்பு. அந்த இன்னொன்றின் பெயரை விண்டோஸ் சொல்வதில்லை. அல்லது வேறு ஏதோ மென்பொருள் கொண்டுவந்த வேறு பதிப்பு வழியில் முதலில் சிக்கிவிடுகிறது. ஆகவே "நிறுவியாகிவிட்டது" என்ற செய்தியை நம்பாதீர்கள். நிறுவியதும் இம்போர்ட் செய்து, ஒரு சின்னக் கோப்பைத் திறந்து, ஒரு புள்ளியை மாற்றிப் பாருங்கள். மூன்றும் நடந்தால்தான் ஜியோஸ், ப்ரோஜ், ஜிடால் மூன்றும் நிற்கின்றன என்று பொருள்.

இரண்டாவது வாரம்தான் மோசம். அலுவலகத்தில் துவாஸ் போக வேண்டிய லாரிக்குச் சாங்கி நேரத்தைப் போட்டுவிட்டேன். மேலாளர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, எனக்குத்தான் கை நடுங்கியது. வீட்டில் அம்மா "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். அவர் எதுவும் பேசாமல் தட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாற்பது வயதில் எனக்கு எதற்கு இந்தப் படிப்பு, வகுப்பில் இருக்கும் இளசுகளுக்கெல்லாம் வந்துவிட்டது போல, எனக்கு மட்டும் வரவில்லை என்ற எண்ணம் மனத்தை அரித்தது. வகுப்புக் குழுவில் கேட்க வெட்கம். உண்மையில் அந்த வகுப்பில் இன்னும் நாலு பேர் இதே வரியில் மாட்டியிருந்தார்கள். அவர்களும் வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். நீங்கள் கேளுங்கள், தயவுசெய்து.

அந்தக் கலக்கத்தில்தான் பணமும் போனது. "வரைபடப் பைத்தான், அடியிலிருந்து" என்று விளம்பரப்படுத்திய இணைய வகுப்புக்கு 89 வெள்ளி. அதில் நிறுவும் பாடம் ஆறு நிமிடம், எல்லாம் ஏற்கனவே சரியாக இருக்கும் கணினியில் காட்டியது. விண்டோஸ்தான் பிரச்சினை என்று ஒரு மேகக் கணினியை வாடகைக்கு எடுத்து லினக்ஸ் போட்டேன். அங்கே பிப்பே போதும் என்பது உண்மைதான், லினக்ஸுக்கான வீலுக்குள் ஜிடால் இருக்கிறது. ஆனால் அளவு தெரியாமல் பெரிய இயந்திரமாகத் தேர்ந்தெடுத்து, அணைக்கவும் மறந்து, 38 வெள்ளி பில் வந்தது. எங்கே எடுத்தாலும் முதல் வேலையாகச் செலவு எச்சரிக்கையை வைத்துவிடுங்கள். மூன்றாவது, 150 வெள்ளி. அரட்டைக் குழு ஒன்றில் பார்த்த ஒரு தம்பி, தூரத்திலிருந்தே கணினியை இயக்கிச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். "கவலைப்படாதீங்க அக்கா, ஒரு மணி நேர வேலை." முன்பணம் முழுதும் கொடுத்தேன். பைத்தானோடு கோண்டா என்ற நிறுவும் கருவியையும் தரும் அனகோண்டாவைப் போட்டார், கோண்டாவில் பாதி, பிப்பில் பாதி என்று ஏதேதோ தட்டினார், ஓடியது. எனக்கு அன்றைக்குத் தெய்வம் போலத் தெரிந்தார். நாலாவது நாள் படம் வரைய இன்னொரு லைப்ரரியைச் சேர்த்தேன், மொத்தமும் சரிந்தது. செய்தி அனுப்பினேன், படித்ததற்கான நீல அடையாளம் மட்டும் வந்தது. ஓடுவதைக் காட்டினால் போதாது, என்ன செய்தோம் என்பதை எழுதிக் கொடுத்தால்தான் மீதிப் பணம் என்று பேசியிருக்க வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் கணினியைக் கொடுத்ததற்காக எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற ஒரு மாலை போனது. மொத்தம் 277 வெள்ளி, கூட இரண்டு நாள் ஆண்டு விடுப்பு.

அவர் விட்டுப்போன இடத்தில் நானே கோண்டாவைச் சரிசெய்யப் பார்த்தேன். பைத்தானும் லைப்ரரிகளும் சேர்ந்திருக்கும் தனித் தொகுப்பைக் கோண்டாவில் சூழல் என்பார்கள். ஜியோபாண்டாஸை மறுபடி கேட்டால் "சூழலைத் தீர்க்கிறேன்" என்று ஒரு சக்கரம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் போட்டுவிட்டுத் தூங்கி எழுந்தபோதும் சுற்றிக்கொண்டிருந்தது. காரணம், எல்லாமே பேஸ் என்ற அடிப்படைச் சூழலிலேயே குவிந்திருந்தது. பொதிகளை எடுக்கும் இடத்தைச் சேனல் என்பார்கள்; அனகோண்டாவின் இயல்பான சேனலும் கோண்டா-ஃபோர்ஜ் சேனலும் கலந்திருந்தன. ஒரு சேனலின் ஜிடால் இன்னொன்றின் ப்ரோஜோடு ஒத்துப்போகுமா என்று ஆயிரம் சேர்க்கைகளை அது அலசிக்கொண்டிருந்தது. பிப் போட்டதோ அதன் கணக்கிலேயே சரியாக வரவில்லை.

நவம்பர் 24, வியாழன் இரவு, தேதி தள்ளித் தரும்படி ஆசிரியருக்கு மின்னஞ்சலே எழுதிவிட்டேன், அனுப்பவில்லை. அப்போது ஒரு விஷயம் உறுத்தியது. அதே நிரல் கட்டளைச் சாளரத்தில் ஒரு சமயம் ஓடுகிறது, உலாவியில் நிரல் எழுதி ஓட்டும் நோட்புக்கில் மட்டும் ஓடுவதே இல்லை. கணினி ஒன்று, நிரல் ஒன்று. வித்தியாசம் எங்கே? அதுவரை நான் பிழைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் நகலெடுத்துத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றுதான் மேலே உருட்டி முதல் வரியிலிருந்து படித்தேன். நடுவில் ஒரு நீளமான கோப்புப் பாதை. ப்ரோஜ் தன் தரவுக் கோப்பைத் திறந்த இடம் கோண்டாவின் கோப்புறையே இல்லை, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கோப்புறை. அதோடு தெளிவாக ஒரு வாக்கியம்: இது வேறொரு ப்ரோஜ் நிறுவலிலிருந்து வந்தது. இத்தனை நாளாக அந்த வாக்கியம் என் திரையில்தான் இருந்திருக்கிறது.

முந்தைய பருவத்தில் தரவுத்தளப் பாடத்துக்காகப் போஸ்ட்கிரெஸ்ஸும் அதன் வரைபட இணைப்பான போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் போட்டிருந்தேன். நிறுவும்போது ப்ரோஜ்-லிப் என்ற சூழல் மாறியை (மென்பொருள்கள் பார்த்துக்கொள்ள விண்டோஸ் வைத்திருக்கும் குறிப்பு; கோண்டா சூழல் வேறு) அமைக்கட்டுமா என்று அது கேட்கும், நான் எல்லாவற்றுக்கும் ஆம் என்று அழுத்திக்கொண்டே போனேன். அந்த மாறி கணினி முழுவதற்கும் "ப்ரோஜ் தரவு இங்கே" என்று பழைய பதிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. கோண்டா சூழலை முறைப்படி இயக்கினால் அது அந்த மாறியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது, ஆகவே சாளரத்தில் ஓடியது. நோட்புக் சூழலை இயக்காமல் பைத்தானை நேராகக் கூப்பிட்டது, ஆகவே பழைய பாதைக்கே போனது. புதிய ப்ரோஜ் பதிப்புகளில், 9.1 முதல், இந்த மாறியின் பெயர் ப்ரோஜ்-டேட்டா. இரண்டு பெயரையும் தேடிப் பாருங்கள். ஜிடால்-டேட்டா என்றும் ஒன்று இருக்கலாம். நீங்கள் எந்த லைப்ரரியை நிறுவும் முன்பும், விண்டோஸின் சூழல் மாறிகள் பட்டியலைத் திறந்து இவை இருக்கின்றனவா என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். என் ஒரு நிமிடம் அங்கேதான் இருந்தது.

வெள்ளி இரவு ஒட்டுப்போடுவதை நிறுத்தினேன். அனகோண்டா, 3.11, 3.9 மூன்றையும் நீக்கினேன். அந்த மாறியை அழித்தேன். அனகோண்டாவுக்குப் பதில் மினிஃபோர்ஜ் போட்டேன், அது இயல்பாகவே கோண்டா-ஃபோர்ஜிலிருந்து மட்டும் எடுக்கும், சேனல் கலக்க வாய்ப்பில்லை. "ஈசூன்" என்ற பெயரில் புதுச் சூழல், பைத்தான் 3.10, தேவைப்படும் எல்லாம், ஜியோபாண்டாஸ், படம் வரையும் லைப்ரரி, நோட்புக், எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் கேட்டேன். ஒவ்வொன்றாகச் சேர்த்தால் பின்னால் வருவது முன்னால் வந்ததன் பதிப்பை மாற்றிவிடும். மொத்தமாகக் கேட்டால் ஒன்றுக்கொன்று பொருந்தும் தொகுதியாகத் தரும். பிப்பைத் தொடவே இல்லை. அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. முடிந்த கையோடு சூழலின் முழுப் பட்டியலையும் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டேன். இரண்டு மாலைக்கு மேல் ஒரு சூழலோடு போராடாதீர்கள், அழித்துவிட்டுப் புதிதாக எழுப்புங்கள். சூழல் என்பது அழிப்பதற்காகவே உள்ளது, உங்கள் நிரலும் தரவும் அதற்குள் இல்லை.

சரியாக நிற்கிறதா என்று பார்க்கச் சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. நம் தேசிய ஆயத்தொலைவு முறை எஸ்விஒய்21, ஆயத்தொலைவு முறைகளின் பட்டியலான இபிஎஸ்ஜியில் அதன் எண் 3414. அதன் தொடக்கப் புள்ளி வடக்கு 1 பாகை 22 நிமிடம், கிழக்கு 103 பாகை 50 நிமிடம். அந்தப் புள்ளியை 4326-லிருந்து (வழக்கமான அட்சரேகை, தீர்க்கரேகை முறை) 3414-க்கு மாற்றினால் கிழக்கு 28001.642, வடக்கு 38744.572 மீட்டர் வர வேண்டும். வந்தால் ப்ரோஜ் நலமாக இருக்கிறது. இரண்டு எண்ணும் இடம் மாறி வந்தால் பயப்படாதீர்கள். பைப்ரோஜை நேரடியாகக் கூப்பிடும்போது அது இபிஎஸ்ஜி சொல்லும் வரிசையை மதிக்கும், அங்கே வடக்குதான் முதலில். எப்போதும் எக்ஸ்-ஒய் வரிசை என்று கேட்டுக்கொள்ள ஒரு தேர்வு இருக்கிறது. ஜியோபாண்டாஸ் வழியாகப் போனால் கிழக்குதான் முதலில். இந்த மாற்றத்தைச் செய்யாமல் தூரம் கணக்கிட்டால் விடை பாகையில் வரும். 0.0013 என்று வந்ததைப் பார்த்து மறுபடி ஏதோ உடைந்துவிட்டது என்று நான் பத்து நிமிடம் உறைந்துபோனேன்.

இன்றைக்கு நிலைமை பரவாயில்லை. 2023-ல் வந்த கோண்டா 23.10 முதல் சூழலைத் தீர்க்கும் இயந்திரம் வேகமானதாக மாறியது. 2024-ல் வந்த ஜியோபாண்டாஸ் 1.0 கோப்பு படிக்க இயல்பாக ஃபியோனாவை விட்டுப் பையோக்ரியோ என்ற வேறு லைப்ரரிக்கு மாறியது. விண்டோஸில் சுத்தமான தனிச் சூழலில் பிப் மட்டுமே போதும் என்ற நிலை பெரும்பாலும் வந்துவிட்டது. ஆனால் செயற்கைக்கோள் படங்களுக்காக ராஸ்டேரியோவையும் ஃபியோனாவையும் பிப்பில் சேர்த்துப் போட்டால் ஒவ்வொன்றும் தன் ஜிடாலைத் தானே சுமந்து வரும், ஒரே நிரலில் இரண்டு ஜிடால் மோதும். ஜிடாலின் சொந்தப் பைத்தான் இணைப்பைப் பிப்பில் கேட்டால் அது இன்றும் கட்டத்தான் பார்க்கும். இந்த இரண்டு தேவையும் உள்ளவர்கள் கோண்டா-ஃபோர்ஜிலேயே இருந்துவிடுங்கள்.

மிச்சமிருந்தது சனியும் ஞாயிறும். நேர்கோட்டுத் தூரம் மட்டும்தான் முடிந்தது. திங்கள் விடியற்காலை இரண்டு மணிக்கு ஒப்படைத்தேன். நடைபாதைத் தூரம் என்ற பாதி, எனக்கு முக்கியமான பாதி, திட்டத்தில் இல்லை. அன்று மாலை அம்மாவிடம் படத்தைக் காட்டி, நம் புளோக்கிலிருந்து நிறுத்தம் 140 மீட்டர்தான் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நான் இப்படியாம்மா போறேன்? நடுவுல வடிகால் இருக்கு. கூரை போட்ட நடைபாதையிலதான சுத்திப் போவேன்."

ஜனவரியில், படிப்பு முடிந்து மதிப்பெண்ணும் வந்த பிறகு, வேறொரு புதுச் சூழலை எழுப்பி, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பாதைகளை எடுத்துத் தரும் ஓஎஸ்எம்என்எக்ஸ் லைப்ரரியை அதில் போட்டேன். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த வழி என்று அவர் விரலால் காட்டக் காட்டப் பார்த்துக்கொண்டேன். 370 மீட்டர் வந்தது.